அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜ் எப்படி வந்தது, எப்படி வளர்ந்தது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் பேசும்போது "பையன் முதல் ரெண்டு வருஷம் கம்யூனிட்டி காலேஜ்தான்" என்று ஒருவர் சற்றுத் தயங்கிச் சொல்வார், இன்னொருவர் "ஒரு வீடு வாங்குற காசு மிச்சம்" என்று பெருமையாகச் சொல்வார். தயக்கம், பெருமை இரண்டுக்குமே அந்தக் கல்லூரிகளின் வரலாற்றில் காரணம் இருக்கிறது. பலரும் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். நடுவிலிருந்து படித்தாலும் புரியும்.

முதலில், இது என்ன மாதிரிக் கல்லூரி?

அரசுப் பணத்தில் நடக்கும் இரண்டு வருடக் கல்லூரி. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., கலைக் கல்லூரியின் முதல் இரண்டு வருடம், மாலைக் கல்லூரி எல்லாவற்றையும் ஒரே காம்பவுண்டுக்குள் போட்டது போல. அசோசியேட் டிகிரி என்ற இரண்டு வருடப் பட்டம் வாங்கலாம், அதை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் சேரலாம், வெல்டிங்கோ கணக்கெழுதலோ ஆறு மாதம் படித்துச் சான்றிதழோடு வேலைக்குப் போகலாம், அறுபது வயதில் ஸ்பானிஷ் கற்றுக்கொள்ளவும் போகலாம். பொதுவாகச் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வோ கட்-ஆஃபோ கிடையாது. பள்ளி முடித்திருந்தால் கதவு திறந்திருக்கும், பல இடங்களில் 18 வயது ஆகியிருந்தாலே போதும். நர்சிங் மாதிரிச் சில படிப்புகளுக்கு மட்டும் போட்டி உண்டு. பெரும்பாலான கல்லூரிகளில் விடுதியே இல்லை, காரில் வந்து, படித்து, வேலைக்குப் போகிற கூட்டம்தான் அதிகம்.

இது எங்கே தொடங்கியது?

சிகாகோவிலிருந்து தென்மேற்கே சுமார் 60 கிலோமீட்டரில் ஜோலியட் என்று ஒரு ஊர். சுண்ணாம்புக்கல் குவாரி, எஃகு ஆலை, ரயில்பாதை என்று உழைப்பாளிகள் நிறைந்த ஊர். அங்கே உயர்நிலைப் பள்ளிக் கண்காணிப்பாளராக இருந்த ஜே. ஸ்டான்லி பிரவுனுக்கு ஒரு குறை. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் பள்ளி முடித்ததும் வெளியூர் போய்த் தங்கிப் படிக்க வசதியில்லாமல் அப்படியே நின்றுவிடுகிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பருடன் சேர்ந்து அவர் ஒரு ஏற்பாடு செய்தார். பள்ளிக்குள்ளேயே கல்லூரியின் முதல் இரண்டு வருடப் பாடங்களை நடத்துவது, அதைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்வது.

1901இல் ஆறே ஆறு மாணவர்களோடு தொடங்கியது. தனிக் கட்டடம் கிடையாது, ஆரம்பத்தில் தனிப் பெயர்கூடக் கிடையாது, பள்ளியில் ஒரு மேல்வகுப்பு மாதிரிதான். இன்றும் நடந்துகொண்டிருக்கும் அரசு இரண்டு வருடக் கல்லூரிகளில் மிகப் பழையது அதுதான், 'ஜோலியட் ஜூனியர் காலேஜ்' என்ற பழைய பெயரையும் விடவில்லை. ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: அந்தக் கல்லூரி அறுபது வருடத்துக்கு மேல் உயர்நிலைப் பள்ளி நிர்வாகத்தோடு ஒட்டிக்கொண்டேதான் இருந்தது. 1965இல் இலினாய் மாநிலம் ஜூனியர் கல்லூரிகளுக்குச் சட்டம் போட்ட பிறகுதான் தனிக் குடித்தனம் போனது.

ஒரு பெரிய பல்கலைக்கழகத் தலைவருக்கு இதில் என்ன அக்கறை?

நல்ல கேள்வி. ஏழைப் பிள்ளைகள் மேல் பாசம் என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். ஹார்ப்பருக்கு ஜெர்மானியப் பல்கலைக்கழகங்கள் மேல் பெரிய மதிப்பு. பல்கலைக்கழகம் என்றால் ஆராய்ச்சி செய்ய வேண்டும், பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு இலக்கணமும் அல்ஜீப்ராவும் சொல்லிக்கொடுப்பது பள்ளியின் வேலை என்பது அவர் எண்ணம். சிகாகோ பல்கலைக்கழகத்திலேயே முதல் இரண்டு வருடத்தைப் பிரித்து 'ஜூனியர் காலேஜ்' என்று பெயர் வைத்தார். பணமில்லாமல் தள்ளாடும் சின்னச் சின்னக் கல்லூரிகள் கடைசி இரண்டு வருடத்தை விட்டுவிட்டு முதல் இரண்டை மட்டும் நடத்தலாம் என்றும் யோசனை சொன்னார்.

ஆக, மேலே இருந்தவர்களுக்குக் கீழ் வகுப்புகளின் சுமை குறைய வேண்டும், ஊரில் இருந்தவர்களுக்குப் பிள்ளைகள் ஊரிலேயே படிக்க வேண்டும். இரண்டு ஆசையும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. இந்தக் கல்லூரிகளின் கதை முழுக்கவே இப்படித்தான் போகிறது. யாரோ ஒருவருக்கு வேறு ஏதோ தேவை வரும், கதவு இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறக்கும்.

கலிஃபோர்னியாவில் ஏன் இவ்வளவு கல்லூரிகள்?

தூரம்தான் காரணம். 1907இல் கலிஃபோர்னியா சட்டமன்றம், உயர்நிலைப் பள்ளிகள் விரும்பினால் பள்ளிக்கு மேற்பட்ட பாடங்களையும் நடத்தலாம் என்று ஒரு சட்டம் போட்டது. நடத்தலாம் என்றார்களே தவிர அதற்குப் பணம் தரவில்லை. 1910இல் ஃபிரெஸ்னோ அதைப் பயன்படுத்திக்கொண்டது. பள்ளத்தாக்கின் நடுவில் திராட்சைத் தோட்டங்களுக்கு மத்தியில் இருக்கிற ஊர். கிட்டத்தட்ட 200 மைலுக்குள் உயர்கல்வி நிறுவனம் எதுவும் இல்லை, பிள்ளைகள் எங்கே போவார்கள் என்பதுதான் அந்த ஊர்ப் பள்ளிக் கண்காணிப்பாளர் முன்வைத்த வாதம். இரண்டு வரி வாதம், ஆனால் யாராலும் மறுக்க முடியாதது.

1917இல் மாநில அரசின் பணம் வர ஆரம்பித்தது. 1921 சட்டம் இன்னும் முக்கியமானது. பள்ளியைச் சாராமல் கல்லூரிக்கென்று தனி மாவட்டம் அமைத்து, தனி வாரியம் தேர்ந்தெடுத்து, தனியாக வரி போட்டுக்கொள்ளலாம் என்றது. அந்தச் சட்டத்தின்கீழ் வந்த முதல் மாவட்டம் மொடெஸ்டோ. நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கும் கூபர்டினோவில் 1967இல் வந்த டி ஆன்ஸா கல்லூரியும் இந்த மாதிரி ஒரு மாவட்டத்தின் இரண்டாவது பிள்ளைதான். மூத்தது ஃபுட்ஹில் கல்லூரி, 1958இல் மௌன்டன் வியூவில் ஒரு பழைய பள்ளிக்கூடத்தில் வகுப்புகளைத் தொடங்கி, பிறகு லாஸ் ஆல்டோஸ் குன்றுகளுக்குப் போனது. இன்று அந்த மாநிலத்தில் 116 கல்லூரிகள்.

'ஜூனியர் காலேஜ்' எப்போது 'கம்யூனிட்டி காலேஜ்' ஆனது?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. 1944இல் வந்த ஜி.ஐ. பில் சட்டத்தின்படி போரிலிருந்து திரும்பிய வீரர்களின் படிப்புச் செலவை அரசு ஏற்றது, கல்லூரிகள் நிரம்பி வழிந்தன. இருபத்தைந்து வயதில், கல்யாணமாகி, குழந்தையோடு வகுப்பில் உட்கார்ந்தவர்கள் நன்றாகவே படித்தார்கள். கல்லூரி என்பது வசதியான வீட்டுப் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும் என்ற நினைப்பு அங்கேதான் ஆட்டம் கண்டது.

1946இல் அதிபர் ட்ரூமன் உயர்கல்வி பற்றி ஆராய ஜார்ஜ் ஸூக் தலைமையில் ஒரு குழு அமைத்தார். 1947 டிசம்பரிலிருந்து அதன் அறிக்கை பகுதி பகுதியாக வெளிவந்தது. போர்க்காலத்தில் ராணுவம் வீரர்களுக்கு வைத்த பொதுத் தேர்வின் மதிப்பெண்களை எடுத்துக்கொண்டு அந்தக் குழு ஒரு கணக்குப் போட்டது: மக்களில் குறைந்தது 49 சதவீதம் பேருக்குப் பதினான்காம் வகுப்புவரை, அதாவது பள்ளிக்கு மேல் இரண்டு வருடம், படித்து முடிக்கும் திறமை இருக்கிறது. அப்படியானால் அந்த இரண்டு வருடமும் பள்ளியைப் போலவே இலவசமாக, வீட்டுக்குப் பக்கத்தில் கிடைக்க வேண்டும் என்றது. காசில்லை என்பதாலும் நிறத்தாலும் ஒருவரைத் தடுக்கக் கூடாது என்று 1947இலேயே எழுதினார்கள், தென் மாநிலங்களில் கறுப்பின மாணவர்களுக்குத் தனிப் பள்ளி, தனிக் கல்லூரி என்று இருந்த காலத்தில். இந்த உள்ளூர்க் கல்லூரிகளுக்கு அறிக்கை பயன்படுத்திய பெயர் கம்யூனிட்டி காலேஜ், அது மெதுவாக நாடு முழுக்கப் பரவியது.

இலவசம் என்ற பரிந்துரையை அமெரிக்க நாடாளுமன்றம் கண்டுகொள்ளவில்லை. அது வேறு கதை, கீழே வருகிறது.

வாரத்துக்கு ஒரு கல்லூரி திறந்தார்கள் என்று சொல்கிறார்களே, உண்மையா?

கிட்டத்தட்ட. 1960களில் மட்டும் 450க்கும் மேற்பட்ட அரசுக் கம்யூனிட்டி காலேஜ்கள் திறக்கப்பட்டன. பத்து வருடத்துக்கு 520 வாரம், கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். போர் முடிந்து 1946இலிருந்து பிறந்த பெருந்தலைமுறை 1964இல் பதினெட்டைத் தொட்டது. அதோடு வியட்நாம் போர் வேறு, கல்லூரியில் இருந்தால் கட்டாய ராணுவச் சேவையைத் தள்ளிப்போடலாம். வடக்குக் கரோலினா 1963இலும் வர்ஜீனியா 1966இலும் மாநிலம் முழுக்க ஒரே வலையாகக் கல்லூரிகளை அமைக்கச் சட்டம் கொண்டுவந்தன. வடக்குக் கரோலினாவில் இன்று 58 இருக்கின்றன, எந்த மூலையில் இருந்தாலும் கார் ஓட்டிப் போய்ச் சேர்கிற தூரத்தில் ஒன்று.

கலிஃபோர்னியாவின் 1960 உயர்கல்வித் திட்டத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்குக்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், முதல் மூன்றில் ஒரு பங்குக்கு மாநிலக் கல்லூரிகள், மற்ற எல்லோருக்கும் ஜூனியர் காலேஜ், அங்கே நன்றாகப் படித்தால் மேலே ஏறிக்கொள்ளலாம். வெளியிலிருந்து பார்த்தால் பரந்த மனசு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பேர்பெற்ற பெர்க்லி வளாகத்தின் வாசலைச் சின்னதாக வைத்துக்கொள்ளவும் அதுவே வழி செய்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

இந்த வளர்ச்சியால் யாருக்கு லாபம்?

மியாமியைப் பாருங்கள். 1960இல் டேட் கவுன்ட்டி ஜூனியர் காலேஜ் திறந்தது. ஃபுளோரிடாவில் கறுப்பினத்தவரையும் வெள்ளையரையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்ட முதல் ஜூனியர் காலேஜ் அதுதான். அதே சமயத்தில்தான் கியூபாவிலிருந்து அகதிகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள், அவர்களும் அங்கேதான் ஆங்கிலம் கற்று, படித்து, வேலைக்குப் போனார்கள். இன்று மியாமி டேட் காலேஜ் என்ற பெயரில் நாட்டின் மிகப் பெரிய கல்லூரிகளில் ஒன்று.

1968இல் நவஹோ பழங்குடியினர் தங்கள் நிலத்தில் தாங்களே ஒரு கம்யூனிட்டி காலேஜ் தொடங்கினார்கள். இன்று டினே காலேஜ் என்று பெயர். பழங்குடிகளே நடத்தும் கல்லூரிகளில் அதுவே முதல். அதைப் பார்த்து மற்றவர்களும் தொடங்க, 1978இல் மத்திய அரசு அவற்றுக்கு உதவ ஒரு தனிச் சட்டமே போட்டது.

நர்சிங் கதை எனக்கு மிகவும் பிடித்தது. அதுவரை நர்ஸ் ஆக வேண்டுமென்றால் பெரும்பாலும் மருத்துவமனைப் பயிற்சிப் பள்ளியில் மூன்று வருடம் தங்கி, பாதி நேரம் கூலியில்லா வேலை செய்து படிக்க வேண்டும். கல்யாணமான பெண்களைப் பல இடங்களில் சேர்க்கவே மாட்டார்கள். போருக்குப் பிறகு நர்ஸ் பற்றாக்குறை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மில்ட்ரெட் மொன்டாக், இரண்டு வருடக் கல்லூரியில் நர்ஸ்களைப் பயிற்றுவிக்கலாம் என்று 1951இல் தன் ஆய்வில் எழுதினார். 1952இல் ஏழு ஜூனியர் காலேஜ்கள், ஒரு மருத்துவமனை என்று ஐந்து வருடச் சோதனை தொடங்கியது. கல்யாணமானவர்களும் நாற்பது வயதுக்காரர்களும் வகுப்புக்கு வந்தார்கள். சோதனை வென்றது. இன்று அமெரிக்க மருத்துவமனையில் உங்களுக்கு ஊசி போடுகிற நர்ஸ் கம்யூனிட்டி காலேஜில் படித்தவராக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

இதற்கெல்லாம் யார் பணம் கொடுக்கிறார்கள்?

மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். பொதுவாக மூன்று வாய்க்கால்: மாநில அரசின் ஒதுக்கீடு, உள்ளூர் சொத்து வரி, மாணவர் கட்டணம். மேலே மத்திய அரசின் உதவித்தொகை, குறிப்பாக 1972இல் தொடங்கிப் பின்னால் பெல் கிராண்ட் என்று பெயர் பெற்றது. பல மாநிலங்களில் கல்லூரி மாவட்டத்துக்கு வாரிய உறுப்பினர்களை ஊர்மக்களே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். புது அறிவியல் கட்டடம் வேண்டுமென்றால் கடன்பத்திரம் வெளியிட ஊர்மக்களின் வாக்கெடுப்பு. தெருவில் வேலிக்கு வேலி 'ஆம் என்று வாக்களியுங்கள்' என்று அட்டை நட்டிருப்பார்கள், கல்லூரிக்காக. இந்த உள்ளூர்ப் பிடிதான் அதன் பலம், சில சமயம் அதுவே பலவீனம்.

கலிஃபோர்னியாவில் 1978இல் நடந்தது அதற்கு உதாரணம். சொத்து வரி ஏறிக்கொண்டே போவதில் கொதித்துப்போன மக்கள் பதிமூன்றாம் முன்மொழிவை வாக்கெடுப்பில் நிறைவேற்றி வரியை ஒரு சதவீதத்தில் கட்டிப்போட்டார்கள். உள்ளூர் வருமானம் ஒரே வருடத்தில் பாதிக்கும் கீழே போனது. கல்லூரிகளைக் காப்பாற்ற மாநில அரசு பணம் கொடுத்தது, பணத்தோடு அதிகாரமும் ஊரிலிருந்து தலைநகர் சாக்ரமென்டோவுக்குப் போனது. அதுவரை கல்விக் கட்டணமே இல்லாமல் இருந்த கல்லூரிகளில் 1984இல் முதன்முறையாகக் கட்டணம் வந்தது, பருவத்துக்கு அதிகபட்சம் 50 டாலர். இன்று கேட்டால் சிரிப்பு வரும், அன்று பெரிய சண்டை.

இப்போது கட்டணம் எவ்வளவு?

நாடு முழுக்கச் சராசரியாக, அந்த மாவட்டத்து மாணவருக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 4,000 டாலர். சொந்த மாநிலத்தின் நான்கு வருட அரசுப் பல்கலைக்கழகத்தில் 11,000 டாலருக்கு மேல். கலிஃபோர்னியாவில் 2012இலிருந்து ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர், நாட்டிலேயே மிகக் குறைவானவற்றில் ஒன்று. ஆனால் கட்டணம் குறைவு என்பதற்காகச் செலவு குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. விடுதி இல்லாத கல்லூரி என்றால் வாடகை, கார், பெட்ரோல், சாப்பாடு எல்லாம் மாணவர் தலையில்தான்.

அப்படியென்றால் ஏன் சிலர் இதை இளக்காரமாகப் பார்க்கிறார்கள்?

எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் இடத்துக்கு எங்கும் மரியாதை கொஞ்சம் குறைவுதான். யாரை உள்ளே விடவில்லை என்பதை வைத்துத்தானே கல்லூரிக்குப் பேரும் புகழும் அளக்கிறார்கள். என் பார்வையில் இது அளவுகோலின் கோளாறு.

ஆனால் விமர்சனம் முழுக்கப் பொறாமையும் அல்ல. 1960இலேயே சமூகவியலாளர் பர்ட்டன் கிளார்க், சான் ஹோசேயில் ஒரு ஜூனியர் காலேஜை ஆராய்ந்து ஒரு கசப்பான விஷயத்தைச் சொன்னார்: பெரிய கனவோடு வரும் மாணவர்களை ஆலோசகர்கள், தேர்வுகள், 'இந்தப் படிப்பு உனக்குப் பொருந்தும்' என்ற அறிவுரைகள் எல்லாம் சேர்ந்து மெல்ல மெல்லச் சின்னக் கனவுக்கு இறக்கிவிடுகின்றன, அவர்களும் தோற்றது தங்கள் குறையால்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இன்றைய எண்களும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. சேர்பவர்களில் பத்தில் எட்டுப் பேர் இளநிலைப் பட்டம்வரை போக ஆசைப்படுகிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு மாறுபவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். ஆறு வருடத்துக்குள் அந்த இளநிலைப் பட்டம் வாங்குபவர்கள் ஏறக்குறைய 16 சதவீதம். வேலை, குழந்தை, கார் ரிப்பேர், பாதியில் நின்றுபோகக் காரணம் ஆயிரம். மாற்றிப் போகும்போது படித்த பாடங்களைப் பல்கலைக்கழகம் ஏற்காமல் திரும்பப் படிக்கச் சொல்வதும் ஒரு பெரிய காரணம்.

அதைச் சரிசெய்ய எதுவும் செய்யவில்லையா?

செய்தார்கள், சிலது நன்றாகவே பலித்தது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் கம்யூனிட்டி காலேஜ்களில் 2007இல் ஏ.எஸ்.ஏ.பி. என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். முழுநேரமாகப் படிக்க வேண்டும், ஆலோசகரை அடிக்கடி பார்த்தே ஆக வேண்டும், பதிலுக்குக் கட்டணத்தில் விழும் துண்டை அவர்கள் கட்டுவார்கள், புத்தகச் செலவு பார்த்துக்கொள்வார்கள், சுரங்க ரயிலுக்கு அப்போது மெட்ரோ கார்டும் கொடுத்தார்கள். அந்த மெட்ரோ கார்டை வாங்க ஆலோசகரிடம் போக வேண்டியிருந்தது, போனால் இரண்டு வார்த்தை பேசித்தானே ஆக வேண்டும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. குலுக்கல் முறையில் மாணவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து ஆராய்ந்தபோது, மூன்று வருடத்தில் படிப்பை முடித்தவர்கள் திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம், இல்லாதவர்களில் 22 சதவீதம். கல்வியில் இவ்வளவு பெரிய வித்தியாசம் அபூர்வம்.

இன்னொன்று, அடிப்படைக் கணக்கு வகுப்புகள். சேர்ந்ததும் ஒரு தேர்வு வைத்து, அதில் தேறாவிட்டால் மதிப்பெண் கணக்கில் வராத பள்ளிக் கணக்கை ஒன்றிரண்டு வருடம் படிக்கச் சொல்வார்கள். நிறையப் பேர் அங்கேயே நின்றுவிட்டார்கள். ஃபுளோரிடா 2013இல் அதைப் பெரும்பாலோருக்குக் கட்டாயமில்லை என்று ஆக்கியது, கலிஃபோர்னியா 2017இல் சட்டம் போட்டு மாணவர்களை நேராகக் கல்லூரிக் கணக்கிலேயே உட்கார வைக்கச் சொன்னது. இதில் ஆசிரியர்களுக்குள் இன்னும் வாக்குவாதம் ஓயவில்லை.

பாடம் நடத்துபவர்கள் எப்படி?

ஆராய்ச்சிக் கட்டுரை எழுத வேண்டிய கட்டாயம் இல்லை, பாடம் நடத்துவதுதான் வேலை. முதல் வருட வேதியியலை இருநூறு பேர் அரங்கில் உதவியாளரிடம் படிப்பதைவிட இங்கே முப்பது பேர் வகுப்பில் பேராசிரியரிடமே படிக்கலாம். ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. ஆசிரியர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பகுதிநேர ஊழியர்கள். காலையில் ஒரு கல்லூரி, மதியம் இன்னொன்று, இரவு மூன்றாவது என்று ஓடுகிறவர்களுக்கு கலிஃபோர்னியாவில் 'ஃப்ரீவே ஃப்ளையர்' என்றே பேர் வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் வகுப்பு முடிந்து சந்தேகம் கேட்க நினைத்தால் கார் நிறுத்துமிடம்வரை கூடவே நடக்க வேண்டியதுதான்.

நான்கு வருடப் பட்டமும் தருகிறார்களாமே?

ஆமாம், 2001இல் ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஜூனியர் காலேஜுக்கு இளநிலைப் பட்டம் வழங்க அனுமதி கிடைத்தது, இன்று இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இது நடக்கிறது. அனுமதி வாங்கியதும் சிலர் பெயரிலிருந்து 'கம்யூனிட்டி'யைக் கழற்றிவிடுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை.

இலவசக் கல்லூரி என்று ஒரு பேச்சு அடிபட்டதே, என்ன ஆனது?

ட்ரூமன் குழு சொன்னது மாநிலங்கள் வழியாகத் திரும்பி வந்தது. டென்னசியில் குடியரசுக் கட்சி ஆளுநர் பில் ஹேஸ்லம் 2014இல் சட்டம் கொண்டுவந்து, 2015இலிருந்து பள்ளி முடிக்கும் மாணவர்களுக்கு இரண்டு வருடம் கட்டணம் இல்லாமல் ஆக்கினார். லாட்டரிப் பணத்தில். மாணவர் ஒவ்வொரு பருவமும் எட்டு மணி நேரம் பொதுச்சேவை செய்ய வேண்டும், ஒரு வழிகாட்டியைச் சந்திக்க வேண்டும். அதே 2015இல் அதிபர் ஒபாமா நாடு முழுக்க இதைச் செய்யலாம் என்று முன்மொழிந்தார், நாடாளுமன்றத்தில் நகரவில்லை. பைடன் காலத்திலும் முயன்றார்கள், அவர் மனைவி ஜில் பைடனே வெள்ளை மாளிகையில் இருந்துகொண்டு வடக்கு வர்ஜீனியா கம்யூனிட்டி காலேஜில் ஆங்கிலம் நடத்தியவர், அப்படியும் நிறைவேறவில்லை. மாநிலங்கள்தான் ஒன்றன்பின் ஒன்றாகத் தங்கள் வழியில் செய்துகொண்டிருக்கின்றன.

மாணவர்கள் குறைந்துகொண்டே போகிறார்களாமே?

பொருளாதாரம் படுத்தால் இந்தக் கல்லூரிகள் நிறையும், எழுந்தால் காலியாகும். 1930களின் பெருமந்தத்தில் கூட்டம் வந்தது, 2008 நெருக்கடிக்குப் பிறகு வந்து 2010 வாக்கில் உச்சம் தொட்டது, அப்புறம் இறங்குமுகம். கோவிட் மட்டும் கணக்கைப் பொய்யாக்கியது. வேலை போயிற்று, ஆனால் 2020 இலையுதிர்காலப் பருவத்தில் கூட்டம் வருவதற்குப் பதில் பத்து சதவீதம் குறைந்தது. பட்டறை வகுப்பை வீடியோவில் எப்படி நடத்துவது?

பிறகு மெல்ல மீள்கிறது. மீட்பில் பெரிய பங்கு பள்ளியில் படித்துக்கொண்டே கல்லூரிப் பாடமும் எடுக்கும் பிள்ளைகளுடையது, இன்று கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களில் ஐந்தில் ஒருவர் இன்னும் பள்ளியில் இருப்பவர். இது நல்லதா என்று கேட்டால், பெற்றோருக்கு நல்லது. இவர்களிடம் கல்லூரிகள் பெரும்பாலும் குறைந்த கட்டணம் வாங்குவதால் பட்ஜெட்டுக்கு அவ்வளவு நல்லதல்ல.

இங்கே படித்துப் பெரிய ஆளானவர்கள்?

நாசாவின் ஸ்பேஸ் ஷட்டில் விண்கலத்தை ஓட்டிய முதல் பெண்மணியும், ஸ்பேஸ் ஷட்டில் பயணத்துக்குத் தலைமை தாங்கிய முதல் பெண்மணியுமான ஐலீன் காலின்ஸ் நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் கம்யூனிட்டி காலேஜில் தொடங்கியவர். மனித மரபணுவரிசையைப் படித்தவர்களில் ஒருவரான கிரெய்க் வென்டர், வியட்நாமில் கடற்படை மருத்துவ உதவியாளராக இருந்துவிட்டுத் திரும்பி சான் மட்டேயோ கல்லூரியில் சேர்ந்தார். நடிகர் டாம் ஹாங்க்ஸ் ஹேவர்டில் உள்ள ஷபோ கல்லூரி.

தமிழ்நாட்டிலும் சமுதாயக் கல்லூரி என்று போர்டு பார்த்திருக்கிறேன். அதுவும் இதுவும் ஒன்றா?

பேரும் தூண்டுதலும் அங்கிருந்து வந்தவை, ஆனால் ஆள் வேறு. 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒரு சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது, 1996இல் சென்னையில் கத்தோலிக்கத் திருச்சபையின் மயிலை உயர்மறைமாவட்டம் இன்னொன்றைத் தொடங்கியது. இயேசு சபைப் பாதிரியார் சேவியர் அல்போன்ஸ் இந்த முயற்சியைப் பல ஊர்களுக்குக் கொண்டுபோனார். பள்ளியைப் பாதியில் விட்டவர்கள், வேலை இல்லாத பெண்கள் ஆகியோருக்குச் சில மாதத் தொழிற்பயிற்சி, கூடவே பேசப் பழக, கணினி தொட, நிறுவனத்தில் நேரடிப் பயிற்சி என்பதுதான் இங்கே மையம். பின்னால் பல்கலைக்கழக மானியக் குழுவும் ஒரு திட்டம் கொண்டுவந்தது. மூன்றாம் வருடத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும் பாதையோ, ஊர் வரியோ, ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் வாரியமோ இங்கே கிடையாது.

எச்-4 விசாவில் இருப்பவர்கள், இந்தியாவிலிருந்து நேராக வருபவர்கள் படிக்கலாமா?

எச்-4 என்பது வேலை விசாவில் இருப்பவரின் கணவன், மனைவி, பிள்ளைகளுக்கான விசா. அதில் இருக்கும்போதே படிக்கலாம், அதற்காக விசா மாற்ற வேண்டியதில்லை. உள்ளூர்க் கட்டணம் கிடைக்குமா என்பது மாநில விதியைப் பொறுத்தது, கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். வேலை அனுமதி இல்லாமல் வீட்டில் இருக்கும் எத்தனையோ தமிழ்ப் பெண்கள் இந்த வழியாகத்தான் திரும்பப் படிப்புக்குள் வந்திருக்கிறார்கள்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் நேராக வரலாம், கட்டணம் உள்ளூர்க்காரரைப்போலப் பல மடங்கு. பிறகு பல்கலைக்கழகம் மாற நினைத்தால் முதல் பருவத்திலேயே எந்தப் பாடம் எங்கே செல்லும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் அதற்கென்றே 'அசிஸ்ட்' என்ற இணையதளம் இருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியகோ தவிர மற்ற ஆறு வளாகங்கள், சொன்ன பாடங்களைச் சொன்ன மதிப்பெண்ணோடு முடித்தால் இடம் உறுதி என்று ஒப்பந்தம் போடுகின்றன.

எங்கள் ஊரில் இருக்கும் கல்லூரியின் வரலாற்றை எப்படித் தேடுவது?

இணையதளத்தில் இருக்கும் 'எங்களைப் பற்றி' பக்கத்தோடு நின்றுவிடாதீர்கள், அது கல்யாணப் பத்திரிகை மாதிரி, நல்லதை மட்டும் சொல்லும். கல்லூரி நூலகத்தில் பழைய பாடத்திட்டக் கையேடுகள் கிடைக்கும். ஒவ்வொரு பத்தாண்டிலும் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு எந்தப் பாடம் வந்தது, எது போனது என்று பாருங்கள். சுருக்கெழுத்து எப்போது மறைந்தது, கணினி எப்போது வந்தது, ஆங்கிலம் தெரியாதவர்களுக்கான வகுப்புகள் எந்த வருடம் திடீரென்று பெருகின என்பதிலேயே ஊருக்கு யார் யார் குடிவந்தார்கள், எந்த ஆலை மூடியது என்பது தெரிந்துவிடும். வாரியக் கூட்டக் குறிப்புகள் பொது ஆவணங்கள், யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். வளாகத்தை எங்கே கட்டுவது என்ற சண்டையிலிருந்து தொடங்குங்கள், நில விலை, பேருந்துத் தடம், எந்தத் தெருக்காரர்கள் எதிர்த்தார்கள் எல்லாம் அதில் இருக்கும்.